பாலைவனம் காத்ததும் ஆறு கரைத்ததும்

எகிப்தில், செங்கடல் ஓரமாக, பெரெனிகே என்றொரு பாழூர் கிடக்கிறது. நல்ல தண்ணீர் கிடையாது, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. 1999இல் அங்கிருந்த கோயில் முற்றத்தின் தரைக்கடியிலிருந்து ஒரு பெரிய தாழியை அகழாய்வாளர்கள் வெளியே எடுத்தார்கள். உள்ளே கருமிளகு, 7.55 கிலோ. தாழியும் இந்தியாவில் வனைந்ததுதான். அதே ஊரில் கிடைத்த ஒரு பானையோட்டில் 'கொற்பூமான்' என்ற பெயர் பழைய தமிழி எழுத்தில் கீறப்பட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த மிளகு அங்கேயே காத்துக் கிடந்திருக்கிறது.

மிளகு இறங்கிய துறையை இப்படித் துல்லியமாகக் காட்ட முடிகிறது. ஏறிய துறையைக் காட்டுவது அவ்வளவு எளிதாக இல்லை. மிளகு ஏற்றுமதித் துறையான முசிறி எங்கே இருந்தது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாதம் நடந்தது. கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007இல் பெரியாற்றுக் கழிமுகத்தில் பட்டணம் என்ற சிற்றூரில் தோண்டத் தொடங்கிய பிறகுதான் அந்த வாதம் ஓரளவு அடங்கியது. முழுதாக இன்னும் அடங்கவில்லை. வாங்கியவனின் கிடங்கு கிடைத்துவிட்டது, விற்றவனின் கடைத்தெரு தென்னந்தோப்புக்கும் வீட்டுக் கொல்லைக்கும் கீழே மறைந்து கிடக்கிறது. பழைய வணிக வழிகளில் அழிந்த நகரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பால்மைரா, பெட்ரா, லௌலான் என்று பாலைவனப் பெயர்களையே அடுக்குகிறார்கள். அவை கண்ணுக்குத் தெரிகின்றன என்பதே காரணம். அவற்றோடு கொடுத்து வாங்கிய ஆற்றங்கரை நகரங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு நம் வரலாற்றைப் பற்றிய நம் எண்ணத்தையே கோணலாக்கி வைத்திருக்கிறது என்பது என் கருத்து.

நான் வசிக்கும் நெமிலிச்சேரி, தெற்கே கூவத்துக்கும் வடக்கே கொசத்தலையாற்றுக்கும் இடைப்பட்ட நிலம். அதனால் ஆற்றங்கரை நகரங்கள் எங்கே போயின என்ற கேள்வி எனக்கு எகிப்தோடும் சிரியாவோடும் முடிந்துவிடுவதில்லை.

முதலில் பாலைவன வழி எப்படி இயங்கியது என்று பார்ப்போம். பெரெனிகேயை இரண்டாம் தாலமி கி.மு. 275 அளவில் நிறுவினான். பருவக்காற்றைப் பிடித்துக்கொண்டு இந்தியாவிலிருந்து திரும்பும் கப்பல்கள் அங்கே சரக்கை இறக்கும். அங்கிருந்து நைல் கரையிலுள்ள கொப்தோஸ் வரை ஏறத்தாழ 380 கிலோமீட்டர் ஒட்டகப் பயணம். பன்னிரண்டு நாள் பிடிக்கும் என்றும், வெயிலுக்கு அஞ்சி இரவில்தான் நடப்பார்கள் என்றும் ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். வழி நெடுக, கிணறு இருந்த இடங்களில் காவற்கோட்டைகள் இருந்தன. கொப்தோஸில் சரக்கு ஒட்டகத்திலிருந்து படகுக்கு மாறும். பிறகு நைல் வழியே அலெக்சாந்திரியா. ஆக, பாலைவன வழி என்று நாம் சொல்வதும் பாதி ஆற்று வழிதான்.

இந்த ஏற்பாட்டின் உள்விவரம் ஒரு கிரேக்கப் பாப்பிரஸ் ஏட்டில் பதிந்திருக்கிறது. வியன்னாவில் இருக்கும் அந்த ஏடு கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. 1985இல் முதன்முதலாகப் பதிப்பிக்கப்பட்டது. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், அதில் முசிறியின் பெயர் வருகிறது. சரக்கை நம்பகமான ஒட்டகக்காரனிடம் ஒப்படைக்க வேண்டும், கொப்தோஸில் சுங்கக் கிடங்கில் முத்திரையிட்டு வைக்க வேண்டும், பிறகு படகேற்ற வேண்டும் என்று நிபந்தனைகள். மறுபக்கம் 'ஹெர்மாபொலோன்' என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு: ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ். அதில் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு வரி. கொப்தோஸ் குப்பையில் கிடைத்த, பானையோட்டில் எழுதிய சீட்டுகளில் நிகானோர் என்பவர் குடும்பத்தின் சரக்கு ரசீதுகளும் இருக்கின்றன. முதல் நூற்றாண்டில் செங்கடல் துறைமுகங்களுக்குத் தண்ணீரும் தானியமும் ஏற்றிச் சென்ற ஒட்டகத் தொழில் குடும்பம் அது. சக்கரவர்த்திகளைப் பற்றிய நூறு கல்வெட்டுகளைவிட இந்தச் சீட்டுகள் எனக்கு அருமையாகத் தோன்றுகின்றன. சரக்கைத் தூக்கியவன், எண்ணியவன், ரசீது எழுதியவன் எல்லோரும் அங்கே பெயரோடு இருக்கிறார்கள்.

இவையெல்லாம் எஞ்சியதற்கு ஒரே காரணம், மழை இல்லை, அதனால் பிற்காலத்தில் அங்கே யாரும் குடியிருக்கவும் இல்லை. பெரெனிகே கி.பி. ஆறாம் நூற்றாண்டில் கைவிடப்பட்டபின் அதன்மேல் வேறு ஊர் எழவில்லை. டெலவேர் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் சைட்பாதம் குழு 1994 முதல் அங்கே தோண்டி வருகிறது. தேக்கு மரத்துண்டு, துணி, விதை எல்லாம் கெடாமல் வருகின்றன. 2022இல் அங்கே மத்தியதரைப் பளிங்கில் செதுக்கிய ஒரு புத்தர் சிலை வெளிப்பட்டது. வடக்கே, மையோஸ் ஹோர்மோஸ் துறையில், 'கணன்', 'சாதன்' என்ற பெயர்கள் பொறித்த ஓடுகளும் 'பானை ஒறி' என்று எழுதிய ஓடும் கிடைத்தன. ஓமன் நாட்டுக் கோர் ரோரியில் 'நந்தைக் கீரன்' என ஓர் ஓடு. இவை மன்னர் பெயர்கள் அல்ல. தன் பானை மாறிப்போகாமலிருக்கப் பெயர் கீறி வைத்த சாதாரண மனிதர்கள்.

பால்மைரா வேறு வகை. யூப்ரடீஸுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே ஒரு பாலைவனச் சோலை. அதன் வணிகர்கள் சாத்துகளுக்குக் காவல் கொடுத்தார்கள், கி.பி. 137இல் தங்கள் சுங்க விகிதங்களைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். 272-273இல் ரோமானியப் பேரரசன் ஒளரேலியன் படையெடுத்து வந்து அதன் ஆட்சியை முறித்தான். ஆனால் ஒரு படையெடுப்பால் மட்டும் வணிக நகரம் சாவதில்லை. சரக்கு வேறு வழியில் போகத் தொடங்கிய பிறகுதான் அது சாகிறது.

மூன்றாவது வகை தக்லமக்கான் பாலைவனத்தின் கிழக்கு விளிம்பிலிருந்த லௌலான். 1900இல் ஸ்வென் ஹெடின் அந்தப் பாழைக் கண்டார். அடுத்த ஆண்டு ஆரல் ஸ்டைன் அதே பாலைவனத்திலுள்ள நியாவில் கரோஷ்டி எழுத்தில் எழுதிய மரப்பலகைகளைத் தோண்டியெடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் பேசிய பிராகிருதம் அந்தச் சீனப் பாலைவனத்தில் அலுவலக மொழியாக இருந்திருக்கிறது! லௌலானை வாழவைத்தது தாரிம் ஆற்றின் நீர். ஆறு தடம் மாறியது, ஊர் காலியானது. அது பாலைவனத்தில் இருந்தது என்பதால் பாலைவனம் கொன்றது என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் கொன்றது ஆறு.

இந்த இடத்திலிருந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பினால் ஒன்று புலப்படும். நம்முடைய பழைய வணிக நகரங்கள் ஏறத்தாழ எல்லாமே ஓர் ஆற்றின் கணக்கில் வாழ்ந்து, அந்த ஆற்றின் கணக்கிலேயே முடிந்தவை.

கொற்கையை எடுத்துக்கொள்வோம். 1968-69 அகழாய்வில் கிடைத்த கரிக்கு கி.மு. 785 அளவில் காலம் கணித்தார்கள். பாண்டியர் முத்துத் துறை என்று பெயர் பெற்ற ஊர். இன்று அங்கே நின்றால் கடலோசைகூடக் கேட்காது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போக, துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கு நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்திறங்கியது காயலில். அதுவும் தூர்ந்தபின் தூத்துக்குடி எழுந்தது. வணிகம் ஒருநாளும் அந்தக் கரையை விட்டுப் போகவில்லை, ஊர்தான் மாறிக்கொண்டே வந்தது. புகாரின் கதை இன்னும் வருத்தமானது. காவிரியின் பெருநீர் கொள்ளிடத்துக்குப் போக, பழைய முகத்துவாரம் ஒரு வாய்க்காலாகச் சுருங்கிவிட்டது. மறுபுறம் கடல் கரையை அரித்தது. அதையொட்டிய கீழையூரில் தோண்டியபோது வெளிப்பட்ட செங்கல் படகுத்துறை, அந்நகரம் வெறும் கற்பனையல்ல என்பதற்குத் திடமான சான்று. கடலுக்கடியில் எவ்வளவு இருக்கிறது என்பது தனி விவாதம், இங்கே அதில் இறங்கவில்லை.

முசிறிக்கும் இப்படி ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் அதை மூடிக் கொச்சியைத் திறந்துவிட்டது என்று பல நூல்களில் காணலாம். எனக்கு இது ஒப்பவில்லை. பட்டணத்தில் ரோமானிய மதுச்சாடிகள் வந்த காலம் 1341க்குப் பல நூற்றாண்டுகள் முன்பே முடிந்துவிட்டது. வெள்ளம் ஒரு துறையை மூடியிருக்கலாம். ஆனால் சங்ககால முசிறியின் முடிவை அந்த வெள்ளத்தின் தலையில் கட்ட முடியாது. இயற்கைச் சீற்றம் சொல்வதற்கு எளிய காரணம், வணிகர் கூட்டம் மெல்ல மெல்ல வேறு சந்தை தேடிப் போனதைச் சொல்வதுதான் கடினம்.

உள்நாட்டு வழிகளில் மிகத் தெளிவாகத் தெரிவது நொய்யல் வழி. முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே பேரூர், வெள்ளலூர், கொடுமணல், கரூர். பிறகு காவிரியைப் பிடித்துப் புகார் வரை. வெள்ளலூரில் 1842 முதல் பலமுறை ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்தன. கரூர் அமராவதி ஆற்றில் மாக்கோதை, கொல்லிப்பொறை என்ற பெயர்கள் பொறித்த சேரர் காசுகள் கிடைத்தன. புகழூர் ஆறுநாட்டார்மலைக் கல்வெட்டொன்றில் கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவன் வருகிறான். கொடுமணலோ வேறு எந்த இடத்தையும்விட எனக்கு நெருக்கமானது. 1985 முதல் எ. சுப்பராயலு, கா. ராஜன் போன்றோர் அங்கே பணியாற்றினார்கள். இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி அறுத்துத் துளையிட்ட பட்டறைகள், நூற்றுக்கணக்கான பெயர் பொறித்த ஓடுகள் என்று அது ஒரு தொழில் நகரம். பச்சைக்கல் பக்கத்துப் படியூரிலிருந்தும், சூதுபவளம் குஜராத்திலிருந்தும், நீலநிற லாபிஸ் கல் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் வந்தன. ஓர் ஓட்டில் வணிகர் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல் இருக்கிறது. கோட்டை கொத்தளம் எதுவும் அங்கே இல்லை. புகைப்படம் எடுக்க ஒரு தூண்கூட இல்லை. சுற்றுலாக்காரர் போனால் வயலைத்தான் பார்ப்பார். ஆனாலும் பால்மைராவின் தூண்வரிசைக்கு நிகராக அதை வைப்பேன், ஏனென்றால் உலகச் சந்தைக்குப் போன பொருளைச் செய்த கைகள் அங்கேதான் வேலை பார்த்தன.

இங்கேதான் ஆய்வாளர்களிடையே உள்ள பெரிய கருத்து வேறுபாடு வருகிறது. தமிழக நகரங்களைக் கடல் வணிகம் உண்டாக்கியதா, ஏற்கெனவே இருந்த நகரங்கள் கடல் வணிகத்தைப் பிடித்துக்கொண்டனவா? 1945இல் அரிக்கமேட்டில் தோண்டிய மார்ட்டிமர் வீலர், இத்தாலியப் பானையோடுகளைக் கண்டு அதை ரோமானியர் வாணிக நிலையமாகவே பார்த்தார். பின்னாளில் 1989 முதல் 1992 வரை அங்கே பணிசெய்த விமலா பெக்லி, ரோமானியச் சரக்கு வருமுன்பே அங்கே குடியிருப்பு இருந்ததையும் அதற்குப் பின்னும் தொடர்ந்ததையும் காட்டினார். ஆர். சம்பகலட்சுமி, வெளிநாட்டு வணிகமே முதல் நகராக்கத்துக்கு உந்துதல் என்றும், அது தளர்ந்ததும் நகரங்களும் தளர்ந்தன என்றும் வாதிட்டார். ராஜன் குருக்கள் 2016இல் வெளியிட்ட நூலில் இன்னும் கறாராகப் பேசினார்: கப்பலும் முதலும் மத்தியதரையாருடையவை, அன்றைய தமிழ்ச் சமூகத்தில் அவர்களுக்கு ஈடான வணிக அமைப்பு இல்லை, ஆகவே இதைச் சமநிலை வாணிகம் என்பது பொருந்தாது.

குருக்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஹெர்மாபொலோன் போன்ற கப்பலுக்குப் போட்ட பணம் அலெக்சாந்திரியாக்காரர் பணம் என்பதை மறுக்க இயலாது. ஆனால் எகிப்திலும் ஓமனிலும் தமிழ்ப் பெயர் கீறிய பானைகளோடு தங்கியிருந்தவர்கள் வெறும் வேடிக்கை பார்க்கப் போனவர்கள் அல்லர். அதைவிட வலுவான எதிர்ச்சான்று வைகைக் கரையிலிருந்து வந்தது. இந்தியத் தொல்லியல் துறை அந்த ஆற்றை நெடுகிலும் கள ஆய்வு செய்து 293 தொல்லிடங்களைக் குறித்தது. அவற்றுள் ஒன்றான கீழடியில் 2014-15இல் அமர்நாத் ராமகிருஷ்ணா குழு தோண்டத் தொடங்கியது. பிறகு பணியை ஏற்ற தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, அங்கே ஓர் அடுக்கின் காலத்தைக் கி.மு. 580 என்றது. பழனிக்கருகே பொருந்தலில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490. ரோமானியக் கப்பல்கள் பருவக்காற்றில் கூட்டமாக வந்தது கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே செங்கல் கட்டுமானமும் எழுத்தும் கைத்தொழிலும் இருந்திருக்கின்றன. கப்பல் நகரத்தைக் கொண்டுவரவில்லை. ஆறு உண்டாக்கிய நகரத்தைத் தேடிக் கப்பல் வந்தது. கடற்கரையை மட்டும் தோண்டிக்கொண்டிருந்த வரை வெளிநாட்டுப் பொருளே கண்ணில் பட்டது. ஆற்றின் மேல்நோக்கிப் போனதும் சித்திரம் மாறிவிட்டது.

வைகைக்கும் நொய்யலுக்கும் கிடைத்த அந்தக் கவனம் தொண்டைமண்டலத்து ஆறுகளுக்குக் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை. இங்கே மனித வாழ்வின் பழமை உலகறிந்தது. கொசத்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கற்கருவிகளைக் கண்டார். சாந்தி பப்பு குழுவினர் அவற்றின் காலம் 15 லட்சம் ஆண்டு வரை போகும் என்று 2011இல் நிறுவினார்கள். பூண்டியில் அதற்கென அரசு அருங்காட்சியகமும் உண்டு. ஆனால் கற்காலத்துக்குக் கிடைத்த புகழ், அதற்குப் பின் அதே ஆற்றங்கரையில் எழுந்த ஊர்களை மறைத்துவிட்டது.

சென்னையிலிருந்து திருப்பதி போகும் பெருஞ்சாலையில் திருவள்ளூரைத் தாண்டினால் பட்டரைப்பெரும்புதூர். பலருக்கு அது ஒரு சுங்கச்சாவடியின் பெயர். 2016இல் அங்கே ஆனைமேடு, நத்தமேடு, இருளந்தோப்பு என்ற இடங்களில் மாநிலத் தொல்லியல் துறை குழிகள் போட்டது. கற்கருவி, இரும்புக்காலப் பொருள், தமிழி எழுத்துள்ள ஓடு, கூரை ஓடு, உறைகிணறு, கடல் வணிக ஊர்களில் காணப்படும் ரூலெட்டட் வகைப் பானையோடு என்று ஒரே இடத்தில் அடுக்கடுக்காகக் கிடைத்தன. 2023இல் மீண்டும் தோண்டினார்கள். கடலிலிருந்து இத்தனை உள்ளே, ஆற்றையொட்டி, இப்படி ஓர் ஊர் ஏன் இருந்தது?

நிலப்படத்தைப் பார்த்தால் ஓரளவு விடை தெரியும். பாலாறு ஒருகாலத்தில் இன்றைய கொசத்தலையாற்றுப் பக்கமாக ஓடியது என்று நிலவியலாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அப்படியானால் காஞ்சியின் பின்னிலத்துக்குக் கடலை நோக்கி இரண்டு வாசல்கள் இருந்திருக்கின்றன. தெற்கு வாசல் இன்றைய பாலாற்று முகத்திலுள்ள வசவசமுத்திரம். 1970இல் அங்கே தோண்டியபோது மத்தியதரைச் சாடி ஓடுகளும் உறைகிணறுகளும் கிடைத்தன. வடக்கு வாசல் எண்ணூர், பழவேற்காடு பக்கம். பிற்காலத்தில் டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு துணி வாணிகம் செய்ததும் அந்தப் பழவேற்காட்டில்தான். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள், பழவேற்காடு அடங்கிப்போனது. பட்டரைப்பெரும்புதூர் இந்த வடக்கு வாசலுக்குப் போகும் வழியில், ஆறும் தரைவழியும் சந்திக்கும் இடத்தில் அமைந்த மாற்றுநிலையமாக இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். கொப்தோஸ் நைலுக்கு எதுவோ, அதை இது கொசத்தலையாற்றுக்குச் சிறிய அளவில் செய்திருக்கலாம். இது என் ஊகம். பாலாற்றின் பழைய தடத்துக்குக் காலம் கணித்தால் இது நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும்.

ஊகம்தான் என்றாலும் இன்றைய சரக்கின் போக்கு அதற்கு ஒத்துப்போகிறது. ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் செய்த கார்களும் பெட்டகங்களும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஏறி, நெமிலிச்சேரியைக் கடந்து, எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகின்றன. கொசத்தலையாறு கடலில் சேரும் அதே கரை. நிலத்தின் சாய்வும் கடற்கரையின் வளைவும் மாறாதவரை சரக்கு பெரும்பாலும் பழைய திசையிலேயே நகரும். புதிய பாதைகள் பழைய ஊர்களின் மேலேயே விழுவதற்கும் அதுவே காரணம், நம் தொல்லிடங்களுக்கு உள்ள ஆபத்தும் அதுவே.

எகிப்தில் ஒரு பாழூரைக் காக்க ஒன்றும் செய்யாமல் விட்டாலே போதும். இங்கே அப்படி இல்லை. மழையும் வெள்ளமும் ஒரு பங்கு கரைக்கின்றன. மிச்சத்தை மணல் அள்ளும் இயந்திரமும், செங்கல் சூளைக்கு மண் எடுப்பவரும், மனைப்பிரிவு போட மேட்டைச் சமன்படுத்தும் பொக்லைனும் முடித்துவைக்கின்றன. ஊரில் 'நத்தமேடு', 'பானையோட்டு மேடு' என்று சொல்லப்படும் ஒவ்வோர் இடமும் ஒரு காலத்தில் மனிதர் வாழ்ந்த இடம். அந்த மேடு ஒருமுறை வெட்டப்பட்டால் அடுக்குகள் குலைந்துவிடும். பிறகு அதில் நூறு ஓடுகள் கிடைத்தாலும் எது எதற்கு முந்தியது என்று யாராலும் சொல்ல முடியாது.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. திருவள்ளூரும் அரக்கோணமும் காஞ்சிபுரமும் அதற்குள் வந்துவிட்டன. கூவம், கொசத்தலையாறு, ஆரணியாறு, பாலாறு ஆகியவற்றின் பழைய கரைகள் இனி நகரத் திட்டத்தின் பகுதி. வைகைக்குச் செய்தது போல, கேசவரத்து அணைக்கட்டிலிருந்து கூவத்தின் இரு கரையையும், பூண்டியிலிருந்து எண்ணூர் வரை கொசத்தலையாற்றின் இரு கரையையும் கால்நடையாக நடந்து மேடுகளைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு மேட்டின் புல எண்ணும் திட்ட வரைபடத்தில் ஏற வேண்டும். அந்த எண்களில் மனைப்பிரிவு கேட்டு மனு வந்தால், அனுமதிக்கு முன் தொல்லியல் துறையின் ஒரு சோதனைக் குழியாவது அங்கே விழ வேண்டும். பல்கலைக்கழக மாணவர்களையும், மேடு எங்கே இருக்கிறது என்று அறிந்த உள்ளூர் விவசாயிகளையும் சேர்த்துக்கொண்டால் இதற்குப் பெரிய செலவு ஆகாது. பெருநகரத்தின் அடுத்த முழுமைத் திட்டத்தில் கோடுகள் வரையப்படுவதற்கு முன்பே இந்தப் பட்டியல் தயாராக வேண்டும்.